கத்திரி வெயிலும் கம்ப்யூட்டர் டிஸ்க்கும்

நம் வயதுக்காரர்கள் வீடுகளில் ஒரு டைரி இருக்கும். தேதி போட்டு, காலை 140/90, மாலை 130/80 என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே வெறும் வயிற்றில் சர்க்கரை இவ்வளவு, சாப்பிட்ட பின் இவ்வளவு என்று இருக்கும். டாக்டர் அதைப் புரட்டிப் பார்க்கிறாரோ இல்லையோ, நாம் விடாமல் எழுதுவோம். நல்ல பழக்கம்தான். அந்த டைரியில் மாதத்துக்கு ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. அந்த வரி நம் உடம்பைப் பற்றியது அல்ல. வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றியது. "டிஸ்க் 43 டிகிரி" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். "மனுஷனுக்கே காய்ச்சல் பார்க்க நேரமில்லை, இதில் பெட்டிக்குக் காய்ச்சல் பார்க்கணுமா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டரில் பிள்ளைகளின் விளையாட்டும் நாலு சினிமாப் பாட்டும்தான் இருந்தன. போனால் போகட்டும் என்று விடலாம். இன்று அப்படியா? பென்ஷன் ஆணை, வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் போட்டு வைத்திருக்கிறோம். அறுபதாம் கல்யாண வீடியோ அதில்தான் இருக்கிறது. பேத்தியின் காதுகுத்து, குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம், அப்பா அம்மாவின் ஒரே ஒரு பழைய போட்டோவின் நகல், எல்லாம் அதில்தான். காகிதத்தைக் கரையான் அரித்துவிடும் என்றுதான் பல வீடுகளில் எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு மாற்றினார்கள். டிஸ்க்குக்கும் ஒரு கரையான் உண்டு. நம் ஊரில் அதற்குப் பெயர் வெயில்.

மதுரை வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோரும் இல்லாமல் கூட்டம் நிற்க முடியாது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வரை கத்திரி. 40 டிகிரியைத் தொடுவதோ தாண்டுவதோ நமக்குச் செய்தியே இல்லை. கடற்காற்று வந்து ஆற்றிவிட்டுப் போக இது சென்னையும் அல்ல. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் காய்ந்த சமவெளிதான். பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் அதைத் துப்பிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரையோ பெரும்பாலான வீடுகளில் எங்கே வைக்கிறார்கள்? மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில். பிள்ளைகள் படித்த அறை அது. அவர்கள் வெளியூர் போன பிறகு ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்போம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓடுகிற டிஸ்க் தானாகவே சூடாகும். காற்றோட்டம் சுமாராக இருந்தால் அறையின் சூட்டை விடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 25 டிகிரி ஏ.சி. அறையில் டிஸ்க் 36, 37 காட்டும். நம் வீட்டு மாடி அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு 37 டிகிரி என்றால் டிஸ்க் 48, 49-க்குப் போய்விடும். மூடிய மர அலமாரிக்குள் இருந்தால் இன்னும் மேலே. டிஸ்க் செய்கிறவர்கள் பெரும்பாலும் 60 டிகிரியை வேலை செய்யும் மேல் எல்லையாகப் போடுகிறார்கள். 60 வரை ஒன்றும் ஆகாது என்று அதற்கு அர்த்தமில்லை. லாரியில் இத்தனை டன் ஏற்றலாம் என்று எழுதியிருந்தால், தினமும் அத்தனை டன் ஏற்றி ஓட்டுகிறவனின் லாரியும் பாதி பாரத்தில் ஓட்டுகிறவனின் லாரியும் ஒன்றாகவா உழைக்கும்?

டிஸ்க் ஏன் சூட்டுக்குப் பயப்படுகிறது என்பதற்கு அதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் போதும். உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவை நிமிஷத்துக்கு 5,400 சுற்று அல்லது 7,200 சுற்று சுற்றுகின்றன. அவற்றின் மேல் கிராமபோன் ஊசி மாதிரி ஒரு சின்னத் தலை ஓடுகிறது. கிராமபோன் ஊசி தட்டைத் தொடும்; இது தொடாது. மிக மெல்லிய காற்றுப் படலத்தின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அந்த இடைவெளியைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. சூடு ஏற ஏற உலோகம் விரிகிறது, சுழலும் அச்சில் இருக்கும் எண்ணெய் இளகுகிறது, கீழே இருக்கும் மின்னணுப் பலகை சீக்கிரம் முதுமை அடைகிறது. ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடாது. ரத்தக் கொதிப்பு போலத்தான். வலிக்காது, வெளியே தெரியாது, வருஷக் கணக்கில் உள்ளே வேலை பார்க்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், இதைப் பார்க்க எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். 1990-களின் நடுவிலிருந்து ஹார்ட் டிஸ்க்குகளில் 'ஸ்மார்ட்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதில் வெப்பநிலையும் ஒரு வரி. அதை நமக்குப் படித்துக் காட்ட ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குக் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'டிஸ்க்ஸ்' என்ற நிரலிலேயே தெரியும். பேரனிடமோ, கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய வரும் பையனிடமோ சொன்னால் ஐந்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

திறந்தால் மேலே இடது பக்கம் இரண்டு கட்டங்கள் தெரியும். ஒன்றில் டிஸ்க்கின் உடல்நிலை. நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. இன்னொன்றில் வெப்பநிலை. கீழே ஒரு நீளப் பட்டியல் இருக்கும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். டிஸ்க்கில் படிக்க முடியாமல் போன இடங்கள் எத்தனை என்பதைச் சொல்லும் வரிகள் அவை. கடைசிப் பத்தியில் எல்லாம் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. பூஜ்யம் மாறி வேறு எண் வந்துவிட்டால், அன்றைக்கே முக்கியமானவற்றை வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது அங்கே செல்லாது.

எத்தனை டிகிரி வரை சரி என்று கேட்டால் என் கணக்கு இதுதான். 45-க்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம். 45-க்கும் 50-க்கும் இடையில் என்றால் பெட்டியைச் சுற்றி என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 50-ஐத் தாண்டினால் அன்றைய பிற்பகல் வேலையை நிறுத்திவிட்டு, காலையிலோ ராத்திரியிலோ வைத்துக்கொள்ளுங்கள். 55 என்றால் ஒழுங்காக மூடி அணைத்துவிட்டு, விசிறி ஓடுகிறதா என்று பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். இது எந்தக் கம்பெனியும் போட்ட சட்டம் அல்ல. நம் ஊர் வெயிலுக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் வாய்ப்பாடு.

விவரம் தெரிந்த இளைஞர் யாராவது பக்கத்தில் இருந்தால் இந்த இடத்தில் குறுக்கிடுவார். "சார், சூட்டுக்கும் டிஸ்க் கெடுவதற்கும் சம்பந்தமில்லை என்று கூகுளே சொல்லிவிட்டதே!" என்பார். அவர் சொல்வது முழுக்கப் பொய் இல்லை. 2007-இல் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த மூன்று பேர், பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ என்பவர்கள், தங்களிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சூடு கூடக் கூட டிஸ்க்குகள் அதிகம் கெடும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர்கள் கண்டதோ, அப்படி நேர்க்கோட்டில் இல்லை, மிகவும் குளிராக இருந்தவைகூட அதிகம் கெட்டன என்பது. இந்த ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பலர் பேசுகிறார்கள்.

அதே கட்டுரையில் இன்னொரு பாதி இருக்கிறது. மிக உயர்ந்த சூட்டில் மட்டும் அந்தப் போக்கு திரும்புகிறது. அதிலும் மூன்று, நான்கு வயதான டிஸ்க்குகளில் சூடானவை கூடுதலாகக் கெடுகின்றன. அவர்கள் ஆராய்ந்த டிஸ்க்குகள் குளிரூட்டிய கட்டடங்களில் இருந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே 45 டிகிரி என்பதே உச்சி. நம் வீட்டில் சித்திரை மாதத்துப் பிற்பகலில் அது சாதாரணம். நம் டிஸ்க்குகளுக்கு வயது மூன்று, நான்கா? எட்டும் பத்தும் ஆனவைதான் நிறைய. ஆகவே அந்த ஆராய்ச்சியை நம் வீட்டுக்குப் பொருத்திப் படித்தால், "பயப்பட வேண்டாம்" என்று அது சொல்லவில்லை. "20 டிகிரிக்குக் குளிரவைக்க ஏ.சி. வாங்க வேண்டாம், ஆனால் 50-க்குப் போக விடாதே" என்றுதான் சொல்கிறது. நடுத்தர வர்க்கத்துப் பென்ஷன்தாரருக்கு இது நல்ல சேதி. டிஸ்க்குக்காக ஏ.சி. போடத் தேவையில்லை. காற்று போக வழி விட்டால் போதும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்டி மர டேபிளின் கீழ் அறைக்குள், கதவு மூடிய நிலையில் இருந்தது. பின் பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. போதாததற்கு மேலே பிளாஸ்டிக் உறை. மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு டிஸ்க் 54 டிகிரி காட்டியது. கதவைக் கழற்றினோம். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். பக்கப் பலகையைத் திறந்தால் விசிறி இறக்கைகளில் கம்பளி மாதிரி தூசி. பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். மறுநாள் அதே நேரத்தில், அதே வெயிலில், 44 டிகிரி. செலவு ஒரு பைசா இல்லை. பத்து டிகிரி குறைந்தது என்றால், உடம்புக்குச் சொன்னால் எவ்வளவு பெரிய வைத்தியம்!

இன்னொரு நண்பரின் கதை இத்தனை சுலபமாக முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு ஆசை. தன் அம்மாவும் ஊர்க் கிழவிகளும் பாடிய தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார். பிறகு அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் போட்டார். கேசட்டுகள் பூஞ்சை பிடித்ததால் வீட்டில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியபடியே, இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் வைத்திருந்தார். இன்வெர்ட்டரும் சூடு, அறையும் சூடு. யு.எஸ்.பி. டிஸ்க்குக்குச் சொந்த விசிறியும் கிடையாது. ஒரு வைகாசி மாதம் அது 'டக், டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. இரண்டு நாளில் கம்ப்யூட்டருக்கு அடையாளமே தெரியவில்லை.

சென்னைக்கு அனுப்பினார். மீட்டுத் தருகிறவர்கள் கேட்ட தொகை அவருடைய இரண்டு மாதப் பென்ஷன். கொடுத்தார். பாதிப் பாட்டுகள் வந்தன. அம்மாவின் குரலில் இருந்தவற்றில் பல வரவில்லை. வெயில்தான் அந்த டிஸ்க்கைக் கொன்றது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதற்கு எட்டு வயது. எட்டு வயது டிஸ்க் குளிரான இடத்திலும் நின்றுபோகலாம். ஆனால் இன்வெர்ட்டர் மேல் உட்கார்ந்திருந்த அந்த எட்டு வருஷம் அதன் ஆயுளைக் கூட்டியிருக்காது என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன். இதில் ஓர் ஆறுதல். எப்போதோ ஒரு முறை, திருப்பூரில் இருக்கும் தங்கை மகனுக்கு ஒரு பென் டிரைவில் பதினொரு பாட்டுகளைப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தப் பதினொன்றில் நான்கு, அம்மா பாடியவை. இன்று அவரிடம் அம்மாவின் குரல் இருக்கிறதென்றால் அது அந்த நான்கு பாட்டால்தான்.

இதிலிருந்துதான் என் கருத்தின் மறுபாதிக்கு வருகிறேன். வெப்பநிலையைப் பார்ப்பது அவசியம். ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. முன்பு சொன்ன கூகுள் ஆராய்ச்சியில் இன்னொரு விவரமும் உண்டு. வெப்பநிலையைத் தவிர்த்து மற்ற ஸ்மார்ட் எண்களைப் பார்த்தால், கெட்டுப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் எந்த அறிகுறியும் காட்டாமலே கெட்டிருக்கின்றன. இ.சி.ஜி. சரியாக இருந்தவர் மறுநாள் மாரடைப்பில் போவதில்லையா, அப்படி. தெர்மாமீட்டர் காய்ச்சலைச் சொல்லும். ஆயுளுக்கு அது ஜாமீன் நிற்காது. டிஸ்க்குக்கு ஜாமீன் நிற்பது ஒன்றே ஒன்றுதான். அது இன்னொரு நகல்.

"எல்லாம் கிளவுடில் இருக்கிறது தாத்தா" என்று பேரப் பிள்ளைகள் சொல்வார்கள். கிளவுட் என்பது வானத்தில் இல்லை. வேறொருவரின் கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான். அதற்கும் வெயில் உண்டு. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வரலாற்றிலேயே முதல் முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. அன்று லண்டனில் கூகுள், ஆரக்கிள் ஆகிய பெரிய நிறுவனங்களின் கணினி மையங்களில் குளிரூட்டும் ஏற்பாடு தடுமாறி, சேவைகள் நின்றன. கய்ஸ் அண்ட் செயின்ட் தாமஸ் என்ற பெரிய மருத்துவமனையின் கணினிகள் அந்தச் சூட்டில் முடங்க, டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. நமக்குப் பழகிப்போன 40 டிகிரி, அதை எதிர்பார்த்துக் கட்டாத ஊரில் என்ன செய்யும் என்பதற்கு இது சாட்சி.

தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரிலுள்ள அரசுக் கணினி மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஒரு சேமிப்பகத்தில் 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வெளியில் நகல் இல்லை. அவ்வளவு பெரியதற்கு நகல் எடுப்பது கஷ்டம் என்று விட்டிருந்தார்கள். அந்த மையத்தில் வெப்பமானிக்கா பஞ்சம் இருந்திருக்கும்? இல்லாமல் போனது நகல் ஒன்றுதான்.

கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு நகல், இருக்கட்டும். ஆனால் அது ஒன்றே போதும் என்று இருக்கக் கூடாது. நம் வயதில் இன்னொரு விஷயமும் யோசிக்க வேண்டும். கூகுள் கணக்கு இரண்டு வருஷம் யாராலும் தொடப்படாமல் கிடந்தால் அதை நீக்கலாம் என்பது அந்த நிறுவனத்தின் விதி. நமக்குப் பின்னால் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

நகல் எடுப்பது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. ஓலைச்சுவடி நிரந்தரமானது இல்லை என்று நம் முன்னோருக்குத் தெரியும். பூச்சி அரிக்கும், ஈரம் உளுக்கும், உலர்ந்தால் உடையும். அதனால் பழைய ஏடு முழுக்கச் சிதைவதற்குள் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவர முடிந்தது எதனால்? ஒரு வீட்டில் சிதைந்திருந்த ஏடு இன்னொரு ஊரில் ஒருவர் வீட்டுப் பரணில் நன்றாக இருந்ததால். ஊர் ஊராக அலைந்து அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லா ஏடும் ஒரே வீட்டில், ஒரே பரணில் இருந்திருந்தால் ஒரு மழை போதும், கதை முடிந்திருக்கும்.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய 'மதுரைத் திட்டம்' இதைத்தான் இன்றைய முறையில் செய்கிறது. ஸ்விட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகம் முழுவதும் இருக்கும் தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுக்க, அவை இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டன. இலவசம் என்பது மட்டும் அதன் பெருமை அல்ல. எடுத்துக்கொண்ட ஒவ்வொருவரிடமும் ஒரு நகல் இருக்கிறது என்பதும் பெருமைதான். எந்த ஊரில் எந்த டிஸ்க் சூட்டில் நின்றாலும் அந்த நூல்கள் அழியாது. அம்மாவின் தாலாட்டுக்கும் இதே பாதுகாப்பைக் கொடுக்க நம்மால் முடியும். மகன் வீட்டில் ஒன்று, மகள் வீட்டில் ஒன்று. அவ்வளவுதான் அதற்குத் தேவை.

இனி, வெயில் காலத்தில் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரை முடிந்தால் கீழ்த்தள அறைக்கு, வெயில் படாத சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். பெட்டியின் பின்னாலும் பக்கத்திலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஓடும்போது உறை போடாதீர்கள். அணைத்து ஆறிய பிறகு போடலாம். பங்குனிக்குள் ஒரு முறை தூசி தட்டுங்கள். யு.எஸ்.பி. டிஸ்க்கை வேலை முடிந்ததும் முறைப்படி நீக்கிக் கழற்றிவிடுங்கள். நிறைய நகல் எடுக்க வேண்டியிருந்தால் விடிகாலையில் எடுங்கள். அப்போது அறையும் ஆறியிருக்கும். டிஸ்க்கைத் தரையிலோ மரப் பலகையிலோ வைத்து, மேசை விசிறிக் காற்று படும்படி விடுங்கள்.

மடிக்கணினியை மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டாதீர்கள். அதன் மூச்சுத் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். 2011-இல் தொடங்கிப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. குடும்பத்துப் போட்டோக்கள் முழுக்க அதற்குள்தான். அவற்றின் டிஸ்க்குகளுக்கு வயதாகிவிட்டது. ஊருக்குப் போகும்போது ஒரு தடவை திறந்து பார்த்து, உள்ளே இருப்பதை நகல் எடுத்துக் கொடுத்தால் அது பெரிய உபகாரம்.

ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் அதன் ஈரக் காற்றைக் கம்ப்யூட்டர் மேல் நேராக விடாதீர்கள். நின்றுபோன டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்தால் உயிர் வரும் என்று ஒரு கை வைத்தியம் உலவுகிறது. செய்ய வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பூத்து, மீட்கக் கூடியதும் போய்விடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் டிஸ்க்கை விட்டுவிட்டு மாசி வீதியில் ஜவுளி எடுக்கப் போகாதீர்கள். அந்தக் காருக்குள் சூடு 60 டிகிரியை எட்டும்.

இப்போது பலர் எஸ்.எஸ்.டி. என்ற புதிய வகைக்கு மாறிவிட்டார்கள். அதில் சுழலும் தட்டு இல்லை. ஓடும்போது சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும். மிகவும் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு வேறொரு பலவீனம் இருக்கிறது. நிறைய உழைத்துத் தேய்ந்த எஸ்.எஸ்.டி.யை மின்சாரம் இல்லாமல் சூடான பீரோவுக்குள் வருஷக் கணக்கில் போட்டு வைத்தால், உள்ளே இருப்பது மெல்ல மெல்ல மங்கிப்போகலாம். பென் டிரைவுக்கும் இது பொருந்தும். ஆகவே பீரோவில் பூட்டி வைப்பதைப் பத்திரம் என்று நினைக்காமல், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது செருகித் திறந்து பாருங்கள். புடவையைக்கூட ஆடிக்கொரு முறை வெளியே எடுத்து மடிப்பு மாற்றி வைக்கிறோம் அல்லவா?

மாதம் பிறந்ததும் பென்ஷன் வந்துவிட்டதா என்று எப்படியும் பார்ப்போம். அதே நாளில் டிஸ்க்கையும் பார்த்துவிடுங்கள். எத்தனை டிகிரி, என்ன நிறம், அந்த மூன்று வரிகளில் பூஜ்யம் இருக்கிறதா, கடைசியாக நகல் எடுத்த தேதி என்ன. ரத்த அழுத்தம் எழுதும் அதே டைரியில் ஒரு வரி. எண் ஏறினால் காற்றுக்கு வழி விடுங்கள். பூஜ்யம் மாறினால் அன்றே நகல் எடுங்கள். இரண்டும் நன்றாக இருந்தாலும், நகல் எடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்றால் எடுத்துவிடுங்கள். இதற்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.